கறுப்புக்குக் கத்திரி, செவலைக்குப் போர்வை

என் கணவர் ரிஃபைனரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் எங்கள் வீட்டுக்கு இரண்டு குதிரைகள் வந்தன. வீட்டுக்கு என்றால் செம்பூரில் இருக்கும் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்கு இல்லை. பன்வேலைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒருவர் வாடகைக்கு விடும் லாயத்துக்கு. வீட்டுக்குச் செய்தி மட்டும்தான் வந்தது. நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார். ரேஸில் ஓடி முடித்த குதிரை ஒன்றை நல்ல கையில் கொடுக்க ஆள் தேடுகிறார்களாம், கூடத் துணைக்கு இன்னொன்றும் இருக்கிறதாம், சரி என்று சொல்லிவிட்டேன் என்றார். காலேஜ் நாளில் அவர் குதிரை ஏறப் பழகியவர் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆசை இத்தனை வருஷம் சத்தம் போடாமல் அவருக்குள் உட்கார்ந்திருந்தது என்பது தெரியாது.

மாட்டுங்காவில் இருக்கும் என் அண்ணாவும் மன்னியும் ஃபோனில் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், கச்சேரிக்குப் போவார்கள், பேரனைப் பார்க்க அமெரிக்கா போவார்கள், குதிரை யார் வாங்குகிறார்கள் என்று மன்னி கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் முதல் சனிக்கிழமை லாயத்துக்குப் போய், அந்தப் பெரிய மூக்கு என் உள்ளங்கையில் வெல்லம் தேடியபோது நான் கட்சி மாறிவிட்டேன்.

ரேஸ் குதிரையை நாங்கள் செவலை என்று கூப்பிட்டோம். பெண் குதிரை. நீளக் கால், மெல்லிய தோல், பட்டுப்புடவை மாதிரி மினுக்கும் குட்டை முடி. காற்று கொஞ்சம் திரும்பினாலும் காதைத் திருப்பிப் பார்ப்பாள். இன்னொன்று கறுப்பு. மலை ஊர் ஒன்றில் சுற்றுலா வந்தவர்களைச் சுமந்து பிழைத்தவன். பீப்பாய் வயிறு, தடித்த கழுத்து, எதற்கும் அசராத குணம். இரண்டையும் பார்த்துக்கொள்ள ராஜஸ்தான்காரர் ஒருவர் லாயத்திலேயே குடும்பத்தோடு இருந்தார். எங்களோடு ஹிந்தியில் பேசுவார். குதிரைகளோடு பேசும் பாஷை வேறு, அது எங்களுக்குப் புரியாது.

சனி, ஞாயிறு காலையில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து நாங்கள் போவோம். ஐம்பது தாண்டிய பிறகு நான் கறுப்பின் மேல் ஏறக் கற்றுக்கொண்டேன். வயல் ஓரமாக ஒரு நடை, நடுவில் கொஞ்சம் மெல்லோட்டம், திரும்பி வந்து சேணத்தைக் கழற்றிவிட்டு டீ. மற்ற நாளில் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருவார். வேலை என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு லேசான வேலை.

தீபாவளி முடிந்ததும் ஒரு விஷயம் தெரிந்தது. பகல் குறையக் குறையக் கறுப்புக்கு முடி வளர்ந்தது. மலைக் குளிருக்குப் பழகிய உடம்பு, பம்பாயில் குளிர் என்பது பெயருக்குத்தான் என்று அதற்கு யார் சொல்வது? கன்னத்தில் தாடி, வயிற்றில் குஞ்சம், கரடி மாதிரி ஆகிவிட்டான். நான் ஒரு சுற்று போய்விட்டு இறங்கினால் சேணத்துக்கு அடியில் சொதசொதவென்று வியர்வை. செவலை காய்ந்த துணி மாதிரி நிற்பாள், இவன் மத்தியானம் வரை காயமாட்டான். ஈர முடியோடு சாயங்காலக் காற்றில் நின்று இரண்டு நாள் தும்மினான்.

என் கணவருக்கு வேலை கிடைத்துவிட்டது. பிளான்ட்டில் ஒரு வால்வு கசிந்தால் எப்படிப் படம் போட்டு யோசிப்பாரோ, அதே மாதிரி உட்கார்ந்தார். பனி பெய்யும் ஊர்க்காரர்கள் தங்கள் குதிரைக்கு முடி வெட்டும் வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பார்த்தார். அதில் எத்தனை தினுசு என்று எனக்கும் பாடம் நடந்தது. கழுத்தின் அடியிலும் மார்பிலும் மட்டும் எடுப்பது ஒன்று. அதோடு வயிற்றின் கீழே ஒரு பட்டை எடுப்பது இன்னொன்று. முதுகில் மட்டும் போர்வை மாதிரி முடியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுப்பது, தலையிலிருந்து வால் வரை முழுக்க மழிப்பது என்று மேலே மேலே போகும். எவ்வளவுக்கு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு முடி போகலாம். நம்முடையதுகளுக்கு வேலை குறைவு, அதனால் கழுத்து, மார்பு, வயிற்றுப் பட்டை போதும் என்று முடிவு சொன்னார். அந்த நியாயம் எனக்குப் பிடித்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி வெட்டப் போகிறேன் என்றபோது, செவலைக்கு எதற்கு என்று கேட்டேன். ஒரே லாயம், ஒரே வேலை, ஒரே விதி என்றார்.

குதிரைக்காரருக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. குளிர்காலத்தில் முடியை எடுத்தால் நெஞ்சில் சளி கட்டும், கடுகெண்ணெய் தேய்த்தால் போதும் என்றார். வெட்டுவதற்கு முன்னால் குளிப்பாட்ட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தது. காலைக் குளிரில் குளிப்பாட்டுவது தப்பு என்று அவர் பிடிவாதம் பிடிக்க, என் கணவர் அந்த ஒன்றில் விட்டுக்கொடுத்தார். அதுதான் வினையாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பின் மேல் வெள்ளைச் சாக்பீஸால் கோடு போட்டார். தோளிலிருந்து தொடை வரை, அடி ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி. சாக்பீஸைத் தின்னப் பார்த்ததைத் தவிரக் கறுப்பு வேறு தொந்தரவு தரவில்லை. முடி வெட்டும் மெஷின் ‘ஙொய்ங்’ என்று கத்த ஆரம்பித்ததும் நாங்கள்தான் பயந்தோம், அவன் ஒரு காலைத் தளர்த்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். முடி கொத்துக் கொத்தாகச் சரிந்தது. இடது பக்கம் முடிந்து வலது பக்கம் போகும்போது மெஷின் முனக ஆரம்பித்தது. மண்ணும் புழுதியும் பல்லில் சிக்கி, கை வைக்க முடியாத சூடு. கொஞ்ச நேரத்தில் நின்றே போய்விட்டது. இடது பக்கம் கல்யாண மாப்பிள்ளை, வலது பக்கம் கரடி. அப்படியே ஒரு வாரம் இருக்க வேண்டியதுதான் என்று ஆயிற்று.

மழுங்கிப் போன பிளேடுகளை எடுத்துக்கொண்டு நாங்கள் தாராவிக்குப் போனோம். தையல்காரர்களின் கத்திரிக்கோலுக்குச் சாணை பிடிக்கும் கடை ஒன்று அங்கே ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த சலூன் என்று ஹிந்தியில் கேட்டார். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டுப் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவிதான். ட்ராவல் பேக் தைக்கும் பட்டறையை அவளே நடத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். “குதிரைக்கு முடி வெட்டவாக்கா? எங்க வீட்டுல மனுசங்களுக்கே வெட்ட ரெண்டு மூணு மாசம் ஆயிருது” என்று சொல்லிவிட்டு, பிளேடு தயாராகும் வரை உட்கார ஸ்டூல் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை பார்த்து அண்ணாவும் மன்னியும் காரில் வந்து இறங்கினார்கள். இத்தனை நாள் சிரித்தவர்கள், நேரில் பார்த்துச் சிரிக்க வந்திருப்பார்கள் என்று எனக்கு எண்ணம். மன்னி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குதிரைக்காரர் கறுப்பை வெட்டிய பக்கம் தெரிகிற மாதிரி அவள் முன்னால் நடத்திக்கொண்டு போனார். நன்னாப் பளிச்சுனு இருக்கு என்றாள். அப்புறம் செவலை போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்பு திரும்பி வந்தான், இந்தத் தடவை முடி இருக்கும் பக்கம்.

மன்னி என் பக்கம் திரும்பினாள். “ரெண்டுன்னுதானே சொன்னே? மூணாவது எப்போ வாங்கினேள்?”

என் கணவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், இது நேற்றுத்தான் வந்தது, மலைப்பிரதேசத்துக் குதிரை என்றார். இதற்குத் தீனிக்கு என்ன செய்வீர்கள் என்று அண்ணா கவலையோடு விசாரித்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். குதிரைக்காரர் முற்றத்தில் கறுப்பை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டினார். மன்னி சிரித்த சிரிப்பில் நாற்காலியின் ஒரு கால் மண்ணில் இறங்கிவிட்டது. கிளம்பும்போது கறுப்பின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, நீ ரெண்டு பேருக்குச் சமம்டா என்றாள். அதற்கப்புறம் எங்களைப் பார்த்துச் சிரிக்கும் ஃபோன்கள் நின்று, கறுப்பு எப்படி இருக்கிறான் என்று கேட்கும் ஃபோன்கள் வர ஆரம்பித்தன.

மறுநாள் வெயில் ஏறியதும் கறுப்பைக் குளிப்பாட்டிக் காயவைத்து, சாணை பிடித்த பிளேடால் மிச்சத்தையும் முடித்தார்கள். குதிரைக்காரரே தண்ணீர் ஊற்றினார். அந்த வாரம் கறுப்பு ஒரு சுற்று போய்வந்து, டீ ஆறுவதற்குள் காய்ந்துவிட்டான். சளி பிடிக்கும் என்று காத்திருந்த குதிரைக்காரர் அவன் மார்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இவனுக்கு இது சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த உற்சாகத்தில் என் கணவர் சாக்பீஸோடு செவலையிடம் போனார். கோடும் போட்டாயிற்று. அவளுடைய முடியோ வெல்வெட் துணி அளவுதான் இருக்கிறது. அவள் தலையைத் தூக்கி, மெஷினைப் பார்த்து மூக்கை விரித்துக்கொண்டு நின்றாள். நான் நடுவில் போய் நின்றேன்.

“நம்மாத்துல ஒரே ஃபேனுக்குக் கீழேதான் படுத்துக்கறோம். நீங்க சட்டையைக் கழட்டறேள், நான் ரெண்டு போர்வை போத்திக்கறேன். ஒரே வீடு, ஒரே விதின்னு என்னிக்காவது ஆயிருக்கா?”

அவர் மெஷினையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். முப்பது வருஷ ஃபேன் சண்டையும் அவர் கண் முன்னால் ஓடியிருக்க வேண்டும். சிரித்துவிட்டார். ஈரத்துணி எடுத்துச் சாக்பீஸ் கோட்டை அவரே துடைத்தார். சரி, நீ சொல்கிற மாதிரி இவள் குளிர்க்கட்சி, அப்படியென்றால் இவளுக்கு வேண்டியது போர்வை என்றார். அதை நானும் ஆமோதித்தேன்.

ரேஸ்கோர்ஸில் அவருக்குத் தெரிந்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது கொடுத்துவிட்டுப் போன வெளிநாட்டுக் குதிரைப் போர்வைகள் இரண்டு கிடைத்தன. உள்ளே பஞ்சு, வெளியே மழைகூட நுழையாத துணி, தூக்கவே இரண்டு கை வேண்டும். டிசம்பரில் மலைக்காற்று இறங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, குதிரைக்காரரிடம் ஃபோனில் சொல்லிச் சாயங்காலமே இரண்டுக்கும் போடச் சொன்னார். அன்றைக்கு வீட்டில் அவர், மகளுக்குப் போர்வை போர்த்திவிட்டு வந்த அப்பா மாதிரி நிம்மதியாக இருந்தார்.

காலையில் போய்ப் பார்த்தால், கறுப்பின் போர்வை தூணோரத்தில் சாணியில் கிடந்தது. தேய்த்துத் தேய்த்துத் தானே கழற்றிவிட்டான். செவலை போர்வையோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தாள், தலை தொங்கியிருந்தது. என் கணவர் பிடரிக்குப் பக்கத்தில் போர்வைக்கு அடியில் கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. இந்த ஊர்க் குளிருக்கு அந்தப் போர்வை அடுப்பு. பாவம், ராத்திரி முழுக்க அதற்குள் வெந்திருக்கிறாள்.

மூன்று பேரும் சாக்கையும் துணியையும் எடுத்துக்கொண்டு அவளைத் துடைத்தோம். வெயிலில் நடத்தினோம். தண்ணீர் குடித்து, உடம்பு காய்ந்து, வைக்கோலில் மூக்கை வைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. என் கணவர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற்ற அன்று மாலையையும் பூங்கொத்தையும் மேஜையில் வைத்துவிட்டு அப்படித்தான் உட்கார்ந்தார்.

“குளிருமேன்னுதான் போடச் சொன்னேன்” என்றார்.

“நானும்தான் சரின்னேன்” என்றேன். செவலை வைக்கோலை மென்றுகொண்டே வந்து அவர் சட்டைப்பையில் மூக்கை நுழைத்தாள். பையில் ஒன்றும் இல்லை என்றதும் அவர் மூக்குக்கண்ணாடியை நக்கினாள். அவர் எழுந்துகொண்டார்.

இந்த ஊர்க் குளிருக்கு இந்த ஊரிலேயே தைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது. தாராவிப் பட்டறை ஞாபகம் வந்தது. போய்க் கேட்டேன். பேக் தைக்கிற மெஷினில் குதிரைக்குத் தைக்க முடியுமா என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். “அளவு எடுக்காம எப்படிக்கா சொல்லுதது? ஆளைக் காட்டுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் ஏறி, செம்பூரில் ஏறும் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். மடியில் டேப், ஊசிநூல், சாம்பிள் துணிகள் அடங்கிய பை. சான்பாடாவில் கூட்டம் இறங்கியதும் துணிகளைச் சீட்டில் பரப்பி, வெளியே கெட்டிக் காட்டன், உள்ளே மெல்லிய ஃப்ளானல், நடுவில் ஒன்றும் வேண்டாம் என்று அவளும் நானும் தீர்மானித்தோம். என் கணவர் இடுப்புப் பட்டை எத்தனை அங்குலம் என்ற கவலையில் இருந்தார்.

குதிரையை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. செவலையின் மார்பு நடுவிலிருந்து வால் வரை டேப்பை வைக்க வேண்டும். முதல் தடவை செவலை பெருமூச்சு விட்டதும் டேப்பை அப்படியே விட்டுவிட்டுக் குதிரைக்காரரின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். இரண்டாவது தடவை, “இரும்மா, ஒனக்குத்தான தைக்கேன்” என்று பேசிக்கொண்டே அளந்தாள். செவலை காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் போர்வை சரியாக வரவில்லை. எடை நன்றாக இருந்தது, ராத்திரியில் வியர்க்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் செவலையின் இரண்டு தோளிலும் முடி தேய்ந்து, பழைய சோபாவின் கைப்பிடி மாதிரி ஆகிவிட்டது. நடக்கும்போது துணி தோளை இழுத்துப் பிடித்திருக்கிறது. போர்வையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மேஜையில் விரித்துப் போட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நேர்த்துணி, மடிப்பே இல்லை. ரவிக்கைக்கு வைக்கிற மாதிரி இங்கே ஒரு டார்ட் வைத்தால் என்ன என்று நான் விரலால் காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பேக் என்று நினைத்தே தைத்துவிட்டேன், அதுக்குத் தோள் இருக்கு என்கிறதை மறந்துபோனேன் என்றாள். தோளுக்கு இரண்டு பக்கமும் மடிப்பு வைத்து, உரசும் இடத்தில் வழவழப்பான லைனிங் துணி கொடுத்துத் தைத்தாள். அது கச்சிதமாக உட்கார்ந்தது.

அதைப் போட்டுப் பார்க்க அவளும் வந்திருந்தாள். மஞ்சள் பட்டி வைத்த நீலப் போர்வையில் செவலை முற்றத்தைச் சுற்றி வந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏறிப் பார்க்கிறீர்களா என்று என் கணவர் அவளைக் கேட்டார். அவள் தன் சுடிதாரைக் குனிந்து பார்த்தாள், பிறகு கறுப்பைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, குதிரை ஏறுவதற்கென்று கட்டியிருந்த சிமெண்ட் திண்டின் மேல் ஏறினாள்.

முதல் சுற்றில் கறுப்பின் பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில் கண்ணைத் திறந்தாள். மூன்றாவது சுற்றில் முதுகு நேரானது. குதிரைக்காரர் வேலிக்கு வெளியே வயல் வரை நடத்திக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பெரிதாகச் சிரித்துக்கொண்டு, யாருக்கோ கையாட்டினாள். அங்கே யாரும் இல்லை, ஒரு எருமைதான் மேய்ந்துகொண்டிருந்தது.

“அக்கா, ஒரு போட்டோ எடுங்க. எங்க சந்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க” என்றாள்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவளும் வருகிறாள். துணைக்கு வந்தவன் என்று சொல்லி வாங்கிய கறுப்புக்குத்தான் அதிக ரசிகர்கள். அவனுக்கு நவம்பரில் ஒரு தடவை, தை பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை கழுத்து, மார்பு, வயிறு மழிப்பதோடு சரி. போர்வை கிடையாது, குளித்த பிறகு மேலே ஒரு பருத்தித் துணி மட்டும். செவலையின் பக்கம் மெஷினே போவதில்லை. காற்று இறங்கும் நாளில் நீலப் போர்வை, விடிந்ததும் கழற்றிவிடுவது. மிதமான நாளில் அதுவும் இல்லை. எந்த நாள் எது என்பதை என் கணவரும் குதிரைக்காரரும் தினமும் சாயங்காலம் ஃபோனில் பேசித் தீர்மானிக்கிறார்கள். வானிலையில் ஆரம்பித்து ராஜஸ்தான் அரசியலில் போய் முடியும். நான் சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

போன ஜனவரியில் ஒரு காலை, பனிமூட்டம் கலையும் நேரத்தில் நாங்கள் இருவரும் வயல் ஓரமாகப் போனோம். அவர் செவலையின் மேல், நான் கறுப்பின் மேல். வாய்க்கால் தாண்டியதும் கறுப்பு தானாகவே ஓட ஆரம்பித்தான். வழக்கமாக நான் கடிவாளத்தை இழுத்துவிடுவேன். அன்றைக்கு இழுக்கவில்லை. கொஞ்ச தூரம்தான், ஆலமரம் வரை. நின்றபோது எனக்கு மூச்சு வாங்கிற்று, கறுப்புக்கு இல்லை. பின்னாலிருந்து வந்த என் கணவர் செவலையைப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு குதிரைகளும் ஒரே புல்லை நோக்கிக் கழுத்தை நீட்டின.

திரும்பும் ட்ரெயினில் அவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்துச் சுளித்து, சீட்டுக்கு அடியில் குனிந்து எதையோ தேடினாள். கடைசியில் மராத்தியில் என்னைக் கேட்டாள், உங்களுக்கு ஏதாவது வாசனை வருகிறதா என்று. குதிரை என்றேன். அவள் நம்பவில்லை. செம்பூர் வருவதற்குள் குதிரைப் படங்களோடு என் ஃபோன் அந்தப் பெட்டியில் பாதிப் பேர் கைக்குப் போய்வந்துவிட்டது. இறங்கும்போது அவள்தான் அவரைத் தட்டி எழுப்பினாள்.